வால்பாறைக்கு எதில் போவது? என் வயிறு சொன்ன தீர்ப்பு

நான் மலை ஏறினால் வாந்தி எடுக்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதப் போவது முழுக்க என் வயிறு சொன்னதுதான். கொடைக்கானலுக்குச் சொந்தக்காரர்களோடு வேனில் போனபோது, பெருமாள்மலை வருவதற்குள் மூன்று தடவை வண்டியை ஓரம் கட்ட வைத்தேன். எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள்.

அப்படிப்பட்டவள், 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிற வால்பாறைக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போகிறேன் என்றால் அதற்குக் காரணம் என் அக்கா. வால்பாறையைத் தாண்டி முடீஸ் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். கல்யாணம் முடிந்து போனவள், முப்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு மதுரை செல்லூரில் தையல் கடை. தீபாவளி, பொங்கலுக்கு நான் கடையை விட்டு நகர முடியாது. அவளுக்கு மழைக்காலத்தில் இறங்கி வர முடியாது. அதனால் சித்திரையிலும் ஆடியிலும் நான்தான் ஏறுகிறேன்.

வாடகைக் காரில் போயிருக்கிறேன், மதுரையிலிருந்தே பஸ் மாறி மாறிப் போயிருக்கிறேன், ரயிலில் பொள்ளாச்சி வரை போய் அங்கிருந்து பஸ் ஏறியிருக்கிறேன். ரயிலும் பஸ்ஸும் சேர்ந்ததுதான் சரி என்று இப்போது முடிவுக்கு வந்துவிட்டேன். வால்பாறை பஸ்ஸைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, அதற்கு முன்னால் காரைப் பேசி முடித்துவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு மாப்பிள்ளை ஆசைப்பட்டு ஏற்பாடு செய்த கார் அது. போக, வர, ஒரு ராத்திரி தங்க எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம். எந்த டிராவல்ஸ் என்று கேட்காதீர்கள். ஓட்டி வந்த பையன் நான்குவழிச் சாலையில் நன்றாகத்தான் ஓட்டினான். ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவனுடைய கால் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு வளைவுக்கு நடுவே நூறு அடி நேர்ப்பாதை கிடைத்தால் அழுத்துவான், வளைவு வந்ததும் மிதிப்பான். அழுத்துவதும் மிதிப்பதுமாகவே போனால் என்னைப் போன்ற வயிறு என்ன செய்யும்? போதாததற்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி. அதில் ஒரு சந்தன வாசனை டப்பா வேறு தொங்கியது. ஐந்தாவது வளைவில் ஒன்று, எட்டாவதில் ஒன்று. ஒன்பதாவதில் மற்றவர்கள் இறங்கி போட்டோ எடுத்தார்கள், நான் கல்லில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தேன்.

இறங்கும்போது இன்னும் மோசம். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினான். அட்டகட்டி வருவதற்குள் வண்டிக்குள் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். டீக்கடையில் நின்றிருந்த லாரிக்காரர் ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கோணும். கொஞ்ச நேரம் ஆற வெச்சுட்டுப் போ" என்றார். அரை மணி நேரம் ஆற வைத்தோம். அன்றோடு வாடகைக் கார் ஆசை எனக்கு விட்டுப்போனது. இப்போது காரில் போகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து வால்பாறைக்கு வெளியூரிலிருந்து வருகிற சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஆழியாறு சோதனைச் சாவடியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

சரி, ரயிலுக்கு வருவோம். மதுரையிலிருந்து காலையில் கோயம்புத்தூருக்கு ஒரு ரயில் இருக்கிறது. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கு வந்து, அப்புறம் போத்தனூர் பக்கம் திரும்பும். இந்தத் தடத்தில் மீட்டர் கேஜை எடுத்து அகலப்பாதை போடுகிறோம் என்று பல வருடம் ரயிலே இல்லாமல் கிடந்தது. பழனி - பொள்ளாச்சி பாதை 2015-இல்தான் திரும்பத் திறந்தது. அதுவரை பஸ்ஸே கதி. முன்பதிவு இல்லாத பெட்டியில் சாதாரண நாளில் உட்கார இடம் கிடைக்கும். கிருத்திகை, தைப்பூசம் என்றால் பழனி வரை நிற்க வேண்டியதுதான், பழனியில் பெட்டியே காலியாகிவிடும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இடது பக்கம் கொடைக்கானல் மலை கூடவே வரும். பழைய பகையாளியைத் தூரத்தில் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ரயிலில் எனக்கு வாந்தி வந்ததே இல்லை. அதனால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்து, ஒருமுறை உடுமலையில் ஏறிய வடையில் மூன்றைத் தின்றுவிட்டு மலையில் அனுபவித்தேன். ரயிலில் தின்கிறதும் மலைக் கணக்கில்தான் சேரும்.

பதினோரு மணி வாக்கில் பொள்ளாச்சி. ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ. வயிற்றைக் காலியாகவும் விடக்கூடாது, நிரப்பவும் கூடாது. இரண்டு இட்லி, சட்னி மட்டும், சாம்பார் வேண்டாம், காபியும் வேண்டாம். எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். மோந்து பார்த்தால் போதும், சாறு குடிக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட மாட்டேன். மேலே போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் பெண்கள் இறங்கிப் போகிற மாதிரி நல்ல இடம் கிடையாது. தண்ணீர் பாட்டில் விஷயத்திலும் கவனம்: காட்டுக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்று சாவடியில் பை பார்ப்பார்கள். நான் எவர்சில்வர் பாட்டில்தான்.

வால்பாறை பஸ் அடிக்கடி இருக்கிறது. 64 கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சம் கைக்கு வரும். ஆனால் வந்து நிற்கிற முதல் பஸ்ஸில் முண்டியடித்து ஏறாதீர்கள். பின்னால் இடம் இருக்கிறது என்று ஏறினால் தொலைந்தீர்கள். பின் டயருக்குப் பின்னால் இருக்கிற இருக்கைகள் வளைவில் உங்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டும். அடுத்த பஸ் வரும் வரை நின்று, முன்பக்கம் இரண்டாவது மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளமும் பாறையும் பக்கம் மாறி மாறித்தான் வரும். முன் கண்ணாடி வழியாகப் பாதை தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வயிறு அதற்குத் தயாராகிவிடுகிறது. செல்போனைக் குனிந்து பார்க்காதீர்கள். தையல்காரிக்குக் குனிவது பழக்கம்தானே என்று நானும் நினைத்தேன், இல்லை.

முதல் தடவை பஸ்ஸில் போனபோது நான் ஐந்தாவது வரிசையில் எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் கொடுக்க வந்த நடத்துனர் தம்பி பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க்கா, வாந்தி வருமுங்களா?" என்று கேட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு காலேஜ் பையன்களை எழுப்பி, "முன்னாடி வந்து உக்காருங்க்கா, ரோட்டைப் பாத்துட்டே வாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகவில்லை. 40 வளைவில் ஒருமுறை கூட இல்லை. வால்பாறையில் இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டு முதலில் இதைத்தான் சொன்னேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

இத்தனை வருடம் பார்த்ததில் ஏன் என்று எனக்குப் புரிந்தது. பஸ் ஓட்டுநருக்கு அந்தப் பாதையில் அவசரம் கிடையாது, அவசரப்பட பஸ்ஸாலும் முடியாது. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார். முழு அகலத்தையும் எடுத்து ஒரே இழுப்பில் திருப்புவார். ஸ்டியரிங்கை அவர் சுற்றுவதைப் பார்த்தால் ஆட்டுக்கல்லைச் சுற்றுகிற மாதிரி இருக்கும், நடுவில் நிற்காது. எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவனுக்குத்தான் வழி, இறங்குகிறவன் நிற்க வேண்டும். மலைக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும், தெரியாதவை வெளியூர்க் கார்கள்தான். இரண்டு பஸ் வளைவில் எதிரெதிரே சந்தித்தால் நடத்துனர் குதித்து இறங்கி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, டயருக்கும் விளிம்புக்கும் நடுவே பார்த்துப் பார்த்து பின்னால் எடுக்கச் சொல்வார். அந்த நேரம் பஸ்ஸுக்குள் யாரும் பேச மாட்டார்கள். "போலாம் ரைட்" கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அங்கலகுறிச்சி தாண்டும் வரை தென்னந்தோப்புதான். அப்புறம் ஆழியாறு அணை, சாவடி, குரங்கு அருவி என்று எல்லாரும் சொல்கிற கவியருவி. அதன் பிறகு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 1/40, 2/40 என்று எழுதி வைத்திருப்பார்கள். எண்ணிக்கை தெரிவது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 12/40 என்று பார்க்கும்போது இன்னும் 28 இருக்கிறதே என்று அடிவயிறு கேட்கும். ஒன்பதாவது வளைவுதான் பேர் பெற்றது. லோம்ஸ் வியூ என்பார்கள், இந்தப் பாதையைப் போட்ட இன்ஜினியர் லோம் பெயரால். அங்கிருந்து பார்த்தால் ஆழியாறு அணை கீழே கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரித் தெரியும். பஸ் அங்கே நிற்காது. ஆனால் வரையாடுகள் அந்தப் பக்கம் பாறையிலும் கைப்பிடிச் சுவரிலும் சாதாரணமாக நிற்கும், பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். மேலிருந்து ஒரு பெரிய கிடா எங்கள் பஸ்ஸைப் பார்த்த பார்வை, டிக்கெட் எடுக்காதவனை செக்கர் பார்க்கிற பார்வை.

அட்டகட்டியில் மின்வாரிய ஆட்கள் சிலர் இறங்குவார்கள், காடம்பாறை நீர்மின் நிலையத்துக்கு அங்கிருந்துதான் பிரிய வேண்டும். மற்ற கூட்டம் எஸ்டேட் சனம். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய வெங்காய மூட்டை, புது பக்கெட்டு, ஏதோ வேலையாக ஆபீசில் நின்ற களைப்பு, எல்லாம் ஏறும். இப்போது பாதிப் பேர் இந்தி பேசுகிறார்கள். ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். போன தடவை ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடத்துனர் அவளிடம் "கஹா? ரொட்டிக்கடையா?" என்று பாதி இந்தி, பாதித் தமிழில் கேட்டார், அவள் "ரொட்டிக்கடை, ரெண்டு" என்று முழுத் தமிழில் சொல்லி இரண்டு விரலைக் காட்டினாள். பாதி வழியில் அவளுக்கும் குமட்டியது. என் எலுமிச்சையைக் கொடுத்துவிட்டேன்.

கவர்க்கல் வந்தால் பனிமூட்டம். மதியம் ஒரு மணிக்கு விளக்கு போட்டு ஓட்டுவார்கள். ஆனைமலையில் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர் கார்வர் மார்ஷுக்கு அங்கே ஒரு சிலை இருக்கிறது, மூட்டத்தில் பாதி நாள் அவர் தெரிய மாட்டார். காடு முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் வாசனையே மாறிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருப்பார்கள். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் மேலேயே கடந்து போவதற்கு. அவை அதில் போவதை நான் ஒருமுறைதான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் கீழே ரோட்டோரம் உட்கார்ந்து, காரில் வருகிறவர்கள் போடுகிற பிஸ்கட்டுக்குக் காத்திருக்கின்றன. தயவுசெய்து போடாதீர்கள்.

வால்பாறையில் இறங்கிய பிறகுதான் எனக்கு இரண்டாவது பயணம். எஸ்டேட் பஸ். முடீஸ், சோலையாறு அணை, உருளிக்கல், அக்காமலை, சின்கோனா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் இதில் ஒன்றிலாவது ஏறிப் போய் வாருங்கள் என்பேன். ஜீப் வாடகைக்கு ஆகிற காசு மிச்சம், தேயிலைக்கு நடுவில் தையல் போட்ட மாதிரி வளைந்து வளைந்து போகும். ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பலகையை நம்பாதீர்கள். மாலை பஸ்ஸில் வந்தால் அக்கா நிறுத்தத்துக்கு டார்ச்சோடு வந்து நிற்பாள். தனியாக நடக்க விடமாட்டாள். சிறுத்தை நடமாட்டம் இருக்கிற இடம். யானை எங்கே நிற்கிறது என்று அவள் போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி வரும். மேட்டில் சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயன் (வரிசை) வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை நாள்களில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. மூன்று மணி நேரம் வளைவுகளில் நிற்பது என் வயதுக்கு ஆகாது, செவ்வாய் புதனில் போங்கள். கால் நீட்ட இடம் கம்மி. உயரமானவர்கள் முட்டியைக் கழற்றி மேலே வைக்க வேண்டும். மழையில் ஜன்னலை மூடினால் உள்ளே வேர்வை, ஈரத்துணி, வெங்காயம் எல்லாம் சேர்ந்து ஒரு நெடி. பெரிய சூட்கேஸ் கொண்டுவராதீர்கள், வைக்க இடம் கிடையாது. வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு நாலு பேர் என்றால் காரே சரி. ஆனால் மலையில் ஓட்டிப் பழகிய பொள்ளாச்சி ஓட்டுநராகப் பார்த்து அங்கேயே அமர்த்துங்கள். ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சாலக்குடி, அதிரப்பள்ளி வழியாகவும் வரலாம். மளுக்கப்பாறை வரை கேரளப் பஸ் வருகிறது, காடு அழகு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாலை 6 மணிக்கு மேல் அந்தப் பாதையில் விடமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மதுரைக்காரிக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி.

இனி, திரும்புவது. இறங்கும்போது வயிறு ஏறும்போதை விட நன்றாக இருக்கும், காரணம் தெரியாது. கஷ்டம் வேறு விதத்தில் வரும். போன ஆடியில் மூன்றரை மணிக்குள் பொள்ளாச்சியில் மதுரை ரயிலைப் பிடித்துவிடலாம் என்று பத்தரை பஸ்ஸில் ஏறினேன். நேரம் தாராளமாக இருந்தது. ராத்திரி முழுக்க மழை. வாட்டர்பால்ஸ் எஸ்டேட் தாண்டி ஒரு மரம் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னால் ஏழெட்டு வண்டி. கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸிலிருந்து எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் இறங்கினார்கள். ஒருவர் சாக்குப் பையிலிருந்து அரிவாளை எடுத்தார். கிளைகளைக் கழித்து, நடத்துனரும் சேர்ந்து இழுத்து, ஒரு பஸ் நுழைகிற அளவுக்கு வழி செய்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வனத்துறை ஆட்கள் வாளோடு வந்தபோது எங்கள் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அப்புறம் மூட்டம். அப்புறம் ஏறி வருகிற வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு, வழிவிட்டு.

பொள்ளாச்சிக்கு வந்தபோது ரயில் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அக்கா கட்டிக் கொடுத்த தேயிலைத்தூள் இரண்டு கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு பழனி பஸ் ஏறி, பழனியில் மாறி, மதுரை ஆரப்பாளையம் வந்து சேர ராத்திரி பத்து மணி. அதனால் போகும்போது ரயில், திரும்பும்போது எதுவும் முன்கூட்டியே எடுக்காதீர்கள். அதுவும் ஆனி, ஆடி மழையில்.